கமலவேணி மூழ்கும் பாடம்

கோரைத்துறை அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் ஆறாம் பாடம் நடத்தும்போது கமலவேணி என்ற கப்பல் மூழ்கும். போர்க்காலத்தில் நம் கரையோரக் கப்பல்களை எதிரி நீர்மூழ்கிகள் தாக்கியதைப் பற்றிய பாடம் அது. மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தியில் கமலவேணி வருகிறது. அந்தப் பத்தியைப் படிக்கையில் வகுப்பின் கிழக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடலிலும் வரும்.

பள்ளி திறக்கும்போது கப்பல் தொடுவானத்தில் ஒரு புள்ளியாக நிற்கும். பாடங்கள் முடிய முடியக் கரையை நெருங்கும். ஐந்தாம் பாடம் முடிகிற சமயத்தில், மேல்தளத்தில் காயப்போட்ட சாரம் கைலிகளின் கட்டம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிடும். பாடம் நடக்கும்போது கப்பல்காரர்கள் கப்பலில் இருந்தாக வேண்டும், நீர்மூழ்கி கண்ணில் பட்டது என்ற வாக்கியம் படிக்கப்படும்வரை படகை இறக்கக் கூடாது. அந்த வாக்கியத்துக்கும் கப்பல் மூழ்கியது என்ற வாக்கியத்துக்கும் நடுவில் கிடைக்கிற நேரம்தான் அவர்களுக்கு. இறங்கியவர்களை ஊர் வள்ளங்கள் கரைசேர்க்கும். அவர்கள் பள்ளிச் சுற்றுச்சுவரில் துணியைக் காயப்போட்டுவிட்டு, புயல் பாதுகாப்பு மையத்தில் படுத்துக்கொள்வார்கள். ஜனவரியில் திருப்புதலுக்குக் கப்பல் மறுபடி வந்து நிற்கும்போது போய் ஏறிக்கொள்வார்கள். திருப்புதலிலும் அதே பத்தியைப் படிப்பார்கள், கப்பல் மறுபடி மூழ்கும்; ஜூனில் அது தொடுவானத்தில் வந்ததும் திரும்ப ஏறிக்கொள்வார்கள். இறங்காதவர்கள் திரும்ப வருவதில்லை. பாடப்புத்தகத்தில் 'பலர் உயிரிழந்தனர்' என்று மட்டும் இருந்ததால், எத்தனை பேர் பிழைத்தாலும் பாடத்துக்குக் குறைவு வரவில்லை.

அதனால் அந்தப் பத்தியை வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கிற பிள்ளையைக் கொண்டு படிக்க வைப்பது ஊர் வழக்கம். அப்படிப் படிக்கிற பிள்ளைக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. ஏலக்கூடத்தில் அந்த வீட்டுக்கென்று ஒரு சீலா மீனை ஒதுக்கி வைப்பார்கள்.

ஒரு வருடம் ஓர் ஆசிரியர் மனசு கேட்காமல் ஆறாம் பாடத்தை நடத்தாமலே விட்டுவிட்டார். கமலவேணி கோடை முழுக்க நின்ற இடத்திலேயே நின்றது. குடிதண்ணீர் தீர்ந்துபோய், கப்பலில் சமையல் பார்க்கிற பண்டாரி மொய்தீன் ஊர் வள்ளம் ஒன்றில் கரைக்கு வந்தார். "நடத்திருங்க சார். நிக்கிறது மூழ்குறத விடக் கஷ்டமா இருக்கு" என்று கேட்டுக்கொண்டார். விடுமுறையில் பிள்ளைகளை வரவழைத்து நடத்தினார்கள். அதன்பிறகு யாரும் அந்தப் பாடத்தை விட்டதில்லை.

பெர்னதெத் டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. அவள் வால்பாறையிலிருந்து மாற்றலாகி அந்த ஜூன் மாதம்தான் வந்திருந்தாள். வால்பாறையிலும் இதே பாடத்தை வருடம் தவறாமல் நடத்தியவள்தான். அங்கே தேயிலைக்கு நடுவில் மூழ்குவதற்கு ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் தில்லைநாயகம் அவளுக்குத் தண்ணீர்த் தொட்டியையும் உடைந்த பெஞ்சுகளையும் காட்டினார், சத்துணவுக்கூடத்துப் பூனையைப் பற்றிச் சொன்னார். கப்பலைப் பற்றிச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

கடைசி பெஞ்சில் மைமூன் என்ற பெண் இருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஒரு சொல்லின் முதல் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் பென்சில் சீவி முடித்துவிடுவார்கள். பத்தாம் வகுப்புவரை இவளை இப்படியே விட்டுவைத்திருக்கிறார்களே என்று பெர்னதெத்துக்கு ஆத்திரம் வந்தது. பள்ளி விட்டதும் அவளை மட்டும் இருக்கச் சொன்னாள்.

"வேண்டாம் டீச்சர்," என்று முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து சொன்னாள். "மைமூன் இப்படியே இருக்கட்டும்."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கேலி செய்கிறார்கள் என்று பெர்னதெத் நினைத்தாள். கூடப் படிக்கிற பிள்ளையைப் பற்றி இப்படிப் பேச வெட்கமாக இல்லையா என்று வகுப்பையே நிற்கவைத்தாள். அவர்கள் நின்றார்கள். மைமூன் மட்டும் உட்கார்ந்திருந்தாள். காரணம் அவளுக்கும் தெரியும், அவளும் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஆடி முடிவதற்குள் மைமூனுக்கு ஒற்றெழுத்துகள் பழகிவிட்டன. ஆவணியில் ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடித்தாள். புரட்டாசி வந்தபோது அவள் படிப்பதைக் கேட்க சத்துணவு ஆயா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தானாகவே வந்தது. பெர்னதெத் தன் வேலைக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டதில்லை. ராத்திரி படுக்கும்போது அதை நினைத்துச் சிரித்துக்கொள்வாள்.

ஐப்பசியில் ஒருநாள் வகுப்பு வாசலில் காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கமலவேணியில் சுக்கான் பிடிக்கிற சந்தியாகு. வருடா வருடம் பாடத்துக்கு முந்தின வாரம் வள்ளத்தில் வந்து நாள் கேட்டுக்கொண்டு போவது அவர் பொறுப்பு. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

"டீச்சரம்மா, ஆறாம் பாடம் என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை, மூணாவது பீரியட்," என்றாள் பெர்னதெத், யாரோ பிள்ளையின் அப்பா என்று எண்ணி.

"யாரு படிக்கா?"

வகுப்பு முழுக்க மைமூனைத் திரும்பிப் பார்த்தது. பெர்னதெத்துக்குப் பெருமையாக இருந்தது. "படி மைமூன், சார் கேட்கட்டும்," என்றாள். மைமூன் கையில் இருந்த புத்தகத்தைத் திறந்து, துறைமுகங்களைப் பற்றிய ஐந்தாம் பாடத்திலிருந்து ஒரு பக்கம் படித்தாள். தண்ணீர் வாய்க்காலில் போவதுபோல் போயிற்று.

சந்தியாகு மெல்ல நடந்து வந்து காலி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் படிக்குது புள்ள," என்றார்.

பிறகுதான் முன்பெஞ்சுப் பெண் பெர்னதெத்திடம் விஷயத்தைச் சொன்னாள். கேட்டுவிட்டு பெர்னதெத் ஜன்னலுக்குப் போனாள். இத்தனை மாதமாகத் தினமும் பார்த்த கப்பல்தான். அதில் ஒருவர் தளத்தில் குத்தவைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் ஆசிரியர்கள் அறையில் கூடிப் பேசினார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் ஓரளவு வேகமாகப் படிப்பவர்கள். வேறு வகுப்புப் பிள்ளையைக் கொண்டு படிக்க வைத்தால் பாடம் செல்லாது. மைமூனே வேண்டுமென்று மெதுவாகப் படித்தால் என்ன என்று விளையாட்டு ஆசிரியர் கேட்டார். சரி பார்ப்போம் என்று ஆறாம் பாடத்தின் முதல் பக்கத்தை வைத்துச் சோதித்தார்கள். அதில் உப்பேற்றிய தோணிகள் வடக்கே போகின்றன. மைமூன் 'உப்பு' என்ற சொல்லையே இழுத்து இழுத்துச் சொன்னாள். அதற்குள் கடலில் தோணிகள் வாக்கியத்தின் கடைசிக்குப் போய் மறைந்துவிட்டன. வாய் மெதுவாகத்தான் போனது. தோணிகள் கண்ணின் வேகத்தில் போயின.

"தெரிஞ்ச எழுத்தைத் தெரியாத மாதிரி பார்க்க முடியல டீச்சர்," என்றாள் மைமூன்.

"உனக்கு முதல்லயே தெரியுமே. ஏன் சாயங்காலம் வந்தே?"

"எனக்கும் படிக்க ஆசையா இருந்துச்சு."

பெர்னதெத் அவள் தலையில் கை வைத்தாள்.

மறுநாள் சந்தியாகு மறுபடி வந்தார். கப்பலில் எல்லோரையும் கூட்டிப் பேசியிருந்தார்கள். "மைமூனே படிக்கட்டும்னு சொல்லிட்டாங்க," என்றார்.

"நேரம் போதாதேய்யா," என்றாள் பெர்னதெத். "இந்தப் புள்ள நாலு மூச்சுல முடிச்சிரும்."

"போதாதுதான். ஆனா பாருங்க டீச்சரம்மா, எங்கள இதுவரைக்கும் ஒருத்தரும் ஒழுங்காப் படிச்சதே இல்ல. ஒரு வருசம் ஒரு பையன் 'கப்'புனு சொல்லிட்டு நின்னுட்டான். 'பல்' வர்றதுக்குள்ள தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு. பாதிச் சொல்லுலயே மிதந்துக்கிட்டு கெடந்தோம். முழுசா என்னதான் எழுதியிருக்குன்னு எங்களுக்கே தெரியாது." அவர் எழுந்து செருப்பைத் தேடினார். "ஒரு தடவ கேட்டுருவோமே."

பெர்னதெத் மறுத்திருக்கலாம். வேறொரு பிள்ளையைப் படிக்க வைத்திருந்தால் இரண்டு மூச்சு அதிகம் கிடைத்திருக்கும். அவள் யோசித்தாள். யோசிக்கும்போது மைமூனின் முகம் குறுக்கே வந்தது. அந்தப் பிள்ளை தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தின் முன்னால் படிக்கப்போகிறாள். சரி என்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வழிபாட்டு ஒலிபெருக்கியை விளையாட்டு ஆசிரியர் ஜன்னலில் கடலைப் பார்த்துக் கட்டினார். வள்ளங்கள் முன்கூட்டியே போய் அலைக்கு அப்பால் நின்றன. பெர்னதெத் கரும்பலகையில் கரையோரத்தை வரைந்தாள், துறைமுகங்களைக் குறித்தாள், பெரிய கப்பல்களுக்கு மட்டும் போர்க்கப்பல்கள் காவல் போன அந்தக் காலத்தில் சின்னக் கப்பல்கள் ஏன் தனியாகப் போக வேண்டியிருந்தது என்று விளக்கினாள். பாடத்தைக் குறை வைக்காமல் நடத்தினாள். பிறகு மைமூன் எழுந்தாள்.

"கரையோரமாகச் சென்றுகொண்டிருந்த கமலவேணி என்னும் கப்பலிலிருந்தோர் எதிரியின் நீர்மூழ்கியைக் கண்டனர். நீர்மூழ்கி முன்னறிவிப்பின்றி டார்பிடோவை ஏவியது. உப்பும் ஓடுகளும் ஏற்றிவந்த அக்கப்பலில், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் பயணிகளும் இருந்தனர். சிறிது நேரத்தில் கப்பல் மூழ்கியது. பலர் உயிரிழந்தனர்."

பலர் என்ற சொல்லை மற்றச் சொற்களைவிடச் சற்றுத் தாழ்த்திச் சொன்னாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பில் ஒரு பெஞ்சுகூட முனகவில்லை. வள்ளக்காரர்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். பெர்னதெத்தும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லையே என்ற சந்தோஷத்தில் கடலைப் பார்க்க அவளுக்கு நினைவு வரவில்லை. பத்தி முடிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கப்பல் நின்ற இடத்தில் தண்ணீர் சமமாக இருந்தது.

படகில் ஏறியவர்கள் மிகச் சிலர். பள்ளிச் சுவரில் அன்று காய்ந்த துணிகளுக்கு நடுவில் நிறைய இடம் இருந்தது. பண்டாரி மொய்தீன் ஈரத்தோடு வந்து பெர்னதெத்தின் முன் நின்றார்.

"சந்தியாகு வரல டீச்சரம்மா. 'தண்ணி ஏறுது, எறங்குடா'ன்னு கையப் புடிச்சு இழுத்தேன். 'இரு, பத்தி முடியட்டும்'னான்."

யாரும் பெர்னதெத்தைக் குறை சொல்லவில்லை. தில்லைநாயகம் அவளைக் கூப்பிட்டு, பாடம் நன்றாக இருந்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றார். மைமூன் வீட்டுக்கு வழக்கம்போல் சீலா மீன் போயிற்று. பெர்னதெத் வீட்டில் உட்கார்ந்து தான் எங்கே தவறு செய்தோம் என்று தேடினாள். ஒரு பிள்ளைக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளையைப் படிக்க விட்டாள். இரண்டிலும் தவறு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் திருத்தியிருப்பாள். திருத்துவதுதான் அவள் தொழில்.

மைமூன் சாயங்காலங்களில் தொடர்ந்து வராந்தாவுக்கு வந்தாள். படிப்பை மறக்க வேண்டும் என்று கேட்டாள். பெர்னதெத் தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்தாள். ஒற்றெழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினாள். பாதிப் பக்கத்தைக் கையால் மறைத்தாள். எதுவும் உதவவில்லை. மறைந்திருக்கும் சொல் எதுவென்று மைமூனுக்கு முந்தின சொல்லே சொல்லிவிடுகிறது. ஒருநாள் அவள் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்படியும் படிக்க வருது டீச்சர்," என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

பெர்னதெத் புத்தகத்தை வாங்கி மூடினாள்.

பொங்கல் முடிந்து திருப்புதல் வந்தது. கப்பலும் வந்தது. ஆனால் நேராக நிற்கவில்லை. ஒருநாள் பின்புறத்தைக் கரைக்குக் காட்டிக்கொண்டிருக்கும், மறுநாள் தெற்கே போய் உப்பளத்துக்கு எதிரே மிதக்கும். இப்படியே விட்டால் பாடத்தில் சொன்ன இடத்தில் அது இருக்காது. பண்டாரி மொய்தீன் தலைமையாசிரியர் அறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"சுக்கான் புடிக்க ஆள் இல்ல சார். பாடத்துல போன ஆளுக்குப் பதிலா பள்ளிக்கூடத்துல இருந்துதான் ஆள் வரணும்."

தில்லைநாயகம் பெர்னதெத்தைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

"ஆறாம் பாடம் திருப்புற அன்னிக்கு ஆன் டியூட்டி போட்டுக்கங்க டீச்சர்," என்றார் அவர். "கணக்கு சார் திருப்புதல பார்த்துக்குவார். வெயில் இருக்கும், குடை கொண்டுபோங்க."

முந்தின நாள் மாலை பெர்னதெத் மைமூனிடம் போனாள்.

"நாளைக்கு நீதான் படிக்கணும்."

"மாட்டேன் டீச்சர். நீங்க கப்பல்ல இருப்பீங்க."

"அதுக்குத்தான் உன்னப் படிக்கச் சொல்றேன். வேற யாராவது படிச்சா எங்க நிறுத்துவாங்க, எங்க விடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நீ படிச்சா தெரியும்."

மைமூன் தாவணி நுனியைச் சுருட்டினாள். "எப்படிப் படிக்கட்டும்?" என்றாள்.

"சொல்லிக்குடுத்த மாதிரி."

"நீங்க பத்தி முடியறதுக்குள்ள எறங்கிருவீங்கள்ல?"

பெர்னதெத் அவள் தோளில் நழுவியிருந்த தாவணியைச் சரிசெய்தாள். "நல்லாச் சாப்பிட்டுட்டுத் தூங்கு," என்றாள்.

காலையில் ஒரு வள்ளம் அவளைக் கமலவேணியில் கொண்டுபோய் விட்டது. மொய்தீன் சுக்கானைக் காட்டினார். கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. அவர் கிழக்கே என்றால் கிழக்கே திருப்ப வேண்டும். சக்கரத்தின் பிடிகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. சந்தியாகுவின் உள்ளங்கைகள் எப்படி இருந்தன என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அன்று அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருந்தது, கைகள் நினைவுக்கு வரவில்லை. மீந்திருந்த கப்பல்காரர்கள் வந்து அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவரின் பெயரையாவது கேட்டிருக்கலாம் என்று அவர்கள் போன பிறகு தோன்றியது.

கரையிலிருந்து மைமூனின் குரல் வந்தது. முதல் பக்கம். உப்புத் தோணிகள் கப்பலை ஒட்டி வடக்கே போயின. இவ்வளவு தூரத்திலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஜன்னலுக்கு உள்ளே இருந்து கேட்டதைவிட இங்கே நன்றாக இருந்தது. சந்தியாகு ஏன் இருந்துவிட்டார் என்று பெர்னதெத்துக்குப் புரிந்தது. புரிந்தது அவளுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. இரண்டாம் பக்கம் பாதியில் இருந்தது.

அப்போது கப்பலின் இடப்பக்கம் தண்ணீர் கொப்பளித்தது. நீர்மூழ்கி மேலே வந்து அவளுக்கு மிக அருகில் நின்றது. மூடி திறந்தது. ஒருவர் இடுப்புவரை வெளியே வந்தார். கையில் டஸ்டர் வைத்திருந்தார், சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி. உள்ளே பிள்ளைகள் இரைகிற சத்தம் கேட்டது; அங்கேயும் ஆறாம் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. பாடப்புத்தகத்திலேயே இருப்பவர் என்பதால் அவர் எழுத்துத் தமிழில் பேசினார்.

"மன்னிக்கவும், ஆசிரியை. தங்களிடம் சுண்ணக்கட்டி இருக்குமா? எங்களுடையது தீர்ந்துவிட்டது."

பெர்னதெத் கைப்பையைத் திறந்து பார்த்தாள். "வெள்ளையும் இருக்கு, மஞ்சளும் இருக்கு. எது வேணும்?"

"மஞ்சள் தந்தால் நலம். கப்பல் வரைய வேண்டியிருக்கிறது."

அவள் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, எட்டி மஞ்சளைக் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டு, பிள்ளைகளை அதட்டியபடியே இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டார்.